எம்டனில் வராத மனிதர்

நம் வீடுகளில் 'எம்டன்' என்ற சொல்லைக் கேட்காதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். கண்டிப்பான மாமனாரா? "அவர் சரியான எம்டன்!" காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் நிற்கிற பையனா? "எமகாதகன், எம்டன்!" பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கு இந்தப் பட்டம் கிடைக்காத ஊரே தமிழ்நாட்டில் இருக்காது. 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு திரைப்படம் எடுத்தார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்ற சலுகை அப்போது இருந்ததால், அது 'எம் மகன்' என்று குறுகிப் போயிற்று. நம்முடைய சமையலறை வரைக்கும் வந்து குடியேறிவிட்ட ஒரு சொல்லை, தமிழ் அல்ல என்று வாசலில் நிறுத்திவைத்த வேடிக்கை அது.

எம்டன் ஒரு கப்பல். ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சுமார் ஒன்பதரை மணிக்குச் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மேல் விளக்கைப் பாய்ச்சி, 100-க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்துபோயிற்று. எண்ணெய் பற்றி எரிந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் வெளியிலுமாகச் சிலர் மாண்டார்கள். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தை விட்டு ஓடினார்கள். பிறகு வெகுகாலம் வரையில் கிழவர்களும் கிழவிகளும் தங்கள் வயதைக் கணக்கிடுவதற்கு, "எம்டன் குண்டு போட்ட வருஷம் எனக்குக் கல்யாணம்" என்பதுபோல் அதை ஒரு பஞ்சாங்கமாகவே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கப்பலின் தலைவர் கார்ல் வான் முல்லர். அவரைப் பற்றி அவருடைய எதிரிகளே எழுதி வைத்திருப்பது என்ன தெரியுமா? பரம சாது, கண்ணியவான், பிடிபட்ட வியாபாரக் கப்பல்களின் மாலுமிகளை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார் என்று. 1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, எம்டனைச் சுக்குநூறாக்கியது. 130-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்த அந்தத் தோல்விக்குப் பிறகு, வென்றவர்கள் அவருடைய வாளை அவரிடமே வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஜெர்மனியிலோ அந்தக் கப்பலில் பணிபுரிந்து உயிர் தப்பியவர்கள் 'எம்டன்' என்பதைத் தங்கள் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று பின்னால் உத்தரவாயிற்று. அங்கே அது குலப்பெருமை. இங்கே அது கணக்கு வாத்தியார்.

இதில் தமிழர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முல்லரை யார் பார்த்தார்கள்? அன்று நம் பாட்டன்மார் பார்த்தது இருட்டில் ஒரு வெளிச்சம். கேட்டது ஓர் ஓசை. உணர்ந்தது வயிற்றில் ஒரு கலக்கம். 'எமன்' என்ற பழைய சொல்லின் சாயலும் அந்தப் புதிய பெயரில் இருந்ததோ என்னவோ, நாக்கில் சுலபமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே நாம் ஞாபகம் வைத்திருப்பது முல்லரை அல்ல, நம்முடைய பயத்தைத்தான். உயர் நீதிமன்றத்து மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், குண்டு விழுந்த இடம் என்று. அந்த இரவில் செத்துப்போனவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்?

இந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதை உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எம்டன் கப்பலில் ஒரு தமிழர் இருந்தார் என்றும், அவர்தான் முல்லருக்கு வழிகாட்டினார் என்றும், ஜனங்கள்மேல் குண்டு விழாமல் வெள்ளைக்காரனுடைய எண்ணெயின்மேல் மட்டும் விழும்படி பார்த்துக்கொண்டவர் அவரே என்றும் நம்மில் பலர் படித்திருக்கிறோம். மேடைகளில் கேட்டிருக்கிறோம். அவர் செண்பகராமன் பிள்ளை. கற்பனைப் பாத்திரம் அல்ல. 1891-ல் திருவனந்தபுரத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட்டவர். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் இருந்துகொண்டு, இந்திய விடுதலைக்கு ஆதரவு தேடும் ஒரு சர்வதேசக் குழுவை 1914 செப்டம்பரில் ஆரம்பித்தார். அடுத்த மாதம் பெர்லினுக்குப் போய், அங்கே கூடியிருந்த இந்தியப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு 20 வருஷம். 1934-ல் பெர்லினிலேயே கண்ணை மூடினார்.

தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்டன் சீனக் கரையில் உள்ள சிங்டாவ் துறைமுகத்திலிருந்து போர் மூண்டவுடனே புறப்பட்டுப் பசிபிக் சமுத்திரம் வழியாக நம் கடலுக்கு வந்த கப்பல். அது வங்காள விரிகுடாவில் வேட்டையாடிக்கொண்டிருந்த அதே செப்டம்பரில், செண்பகராமன் சூரிச்சில் குழு அமைத்துக்கொண்டிருந்தார். ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் சித்தி யாருக்கும் கிடையாது. எம்டனில் இருந்த ஜெர்மானியர்கள் எழுதிய நூல்களிலும் இப்படி ஒரு பிரயாணியைப் பற்றிய பேச்சே இல்லை.

கதை எப்படிப் பிறந்தது என்று யோசித்தால் கோபம் வருவதில்லை. நம்மை ஆண்டவனுக்கு எதிரி நம் கரைக்கு வந்து அடித்துவிட்டுப் போகிறான். எரிந்தது ஆண்டவனின் சொத்து. செத்தவர்களும் ஓடியவர்களும் சாதாரண ஜனங்கள். இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா, அழ வேண்டிய விஷயமா? மனத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. கப்பலில் நம் ஆள் ஒருவரை ஏற்றிவிட்டால் பதில் கிடைத்துவிடுகிறது! அந்நியனுடைய யுத்தம் நம்முடைய யுத்தமாகிவிடுகிறது. அடி வாங்கிய இரவு, அடி கொடுத்த இரவாக மாறிவிடுகிறது. அடிமைப்பட்ட ஜனங்களுக்கு இந்த மருந்து தேவையாயிருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மருந்துக்கு யார் விலை கொடுத்தது? செண்பகராமன்தான். அந்நிய தேசத்தில், பாஷை புரியாத குளிரில், பணம் கொடுக்கிறவனுடைய அரசியல் ஒரு பக்கமும் தன் தேசத்தின் மானம் ஒரு பக்கமும் இழுக்க, கடிதம் எழுதியும் துண்டுப் பிரசுரம் அச்சடித்தும் கூட்டம் கூட்டியும் தேய்ந்துபோன 20 வருஷங்கள் அவருடையவை. அவற்றை நம்மால் பொறுமையாகக் கேட்க முடியவில்லை. "கடிதமா? குழுவா? அதெல்லாம் யாருக்கு வேண்டும்? குண்டு போட்டாரா, சொல்லுங்கள்" என்கிறோம். அவர் ஏறாத கப்பலில் ஓர் அரை மணி நேரத்தை அவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, அவர் வாழ்ந்த 20 வருஷத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். இதற்கு வீர வழிபாடு என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இது ஒருவகைக் கொள்ளை.

அவருடைய அஸ்தியை அவர் மனைவி 30 வருஷத்துக்கு மேல் பாதுகாத்து வைத்திருந்தார். 1966-ல் சுதந்திர இந்தியாவின் போர்க்கப்பலான டில்லி அதைக் கொச்சித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. போர்க்கப்பலில் தாய்நாட்டுக் கரைக்கு அவர் வந்தது வாஸ்தவம்தான். ஒரு கலசத்துக்குள் வந்தார்.

இவ்வளவு கடுமையாகப் பேசுகிறவன், தண்டையார்பேட்டைக்குப் போனால் வாயடைத்துப் போகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் காசிமேட்டிலிருந்து வருகிற மீன் வாடை. ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. எண்ணெய்த் தொட்டிகள் இன்றும் அந்த வட்டாரத்தில் உண்டு. 2021 முதல் தலைக்குமேல் மெட்ரோ ரயிலும் போகிறது. 'ஊருக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று அங்கே பழைய மனிதர் ஒருவரைக் கேட்டால், "தொண்டியிலிருந்து வந்த ஒரு மகான், சார். தொண்டியார். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை, அப்புறம் தண்டையார்பேட்டை" என்று சொல்லிவிட்டு, தர்காவுக்கு வழியும் காட்டுவார்.

அந்த மகான் குணங்குடி மஸ்தான் சாகிபு. 1792-ல், தொண்டிக்கு அருகில் குணங்குடியில் பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதர். வாலிபத்திலேயே கல்யாணம் வேண்டாம் என்று துறவு பூண்டு, மலையிலும் காட்டிலும் அலைந்து, கடைசியில் வடசென்னைக்கு வந்து தங்கி, 1838-ல் இராயபுரத்தில் அடக்கமானார். பைத்தியம் என்று முதலில் சிரித்தவர்கள் பிறகு காலடியில் உட்கார்ந்தார்கள். பராபரக் கண்ணி, மனோன்மணிக் கண்ணி, ரகுமான் கண்ணி என்று அவர் பாடியவற்றை வாசித்தால், தாயுமானவரின் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும். சரவணப்பெருமாளையர் என்ற சைவப் புலவர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார். முஸ்லிம் பக்கீர் ஒருவரைத் திருநீறு பூசிய புலவர் குருவாக வைத்துப் பாடிய பட்டணம் இது என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஊர்ப்பெயர் விஷயம்? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய கிராமங்களோடு தண்டையார்பேட்டையும் 1693-ல் மானியமாகக் கிடைத்தது என்று கோட்டை ஏடுகள் கூறுகின்றன. மஸ்தான் சாகிபு பிறந்தது அதற்கு 99 வருஷத்துக்குப் பிறகு! பெயர் ஊரில் முன்பே உட்கார்ந்திருந்தது. மகான்தான் பிறகு வந்து சேர்ந்தார்.

செண்பகராமனுக்குச் சொன்ன நியாயத்தை இங்கேயும் சொல்ல வேண்டாமா? தேதி இங்கேயும் பொய்தானே? நானும் பலநாள் இதை மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறேன். கடைசியில் எனக்குத் தோன்றுவது இதுதான். தண்டையார்பேட்டைக் கதையைக் கேட்கிறவன் அடுத்தபடியாக என்ன செய்கிறான்? தர்கா எங்கே என்று கேட்கிறான். மனம் இருந்தால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறான். கதை அவனை அந்த மனிதரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுகிறது. எம்டன் கதையைக் கேட்கிறவனோ அங்கேயே நின்றுவிடுகிறான். சூரிச்சுக்குப் போக அவனுக்கு வழி இல்லை, அவசியமும் இல்லை, கதையே போதுமானதாகிவிட்டது. மஸ்தான் சாகிபுவிடமிருந்து இந்தக் கதை எதையும் பறிக்கவில்லை. ஊரே வேண்டாம் என்று வந்தவருக்கு ஓர் ஊரின் பெயரைச் சும்மா கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சமாதானத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. 1693-க்கு முன்னால் அந்தக் கிராமத்துக்குப் பெயர் கொடுத்த பழைய 'தண்டையார்' யாரோ ஒருவர் இருந்திருக்கலாம் அல்லவா? ஏரி வெட்டியவரோ, சத்திரம் கட்டியவரோ, வெறும் மிராசுதாரோ! அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. நானும் வாதாடப் போவதில்லை.

கதையே இல்லாமல் போனவர்களின் கதி இதைவிட மோசம். வடசென்னையில் வாழ்ந்து, நெசவுத் தொழில் நடத்தி, நீதிக்கட்சியைக் கட்டி வளர்த்தவர் பிட்டி தியாகராய செட்டியார். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தபோது, தேடிவந்த முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்று சொன்னவர். சுப்பராயலு ரெட்டியார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதே 1920-ல், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு போட ஏற்பாடு செய்ததும் அவர் தலைமையில் இருந்த நகரசபைதான். பள்ளிக்கூடத்துச் சாப்பாடு என்றால் இன்று காமராஜரைச் சொல்லுகிறோம், எம்.ஜி.ஆரைச் சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான், அவர்கள் அதை நாடு முழுவதற்கும் ஆக்கினார்கள். ஆனால் பெரிய பெயர்கள் காந்தம் மாதிரி; பக்கத்தில் கிடக்கும் சின்ன ஊசிகளை எல்லாம் இழுத்துக்கொண்டுவிடுகின்றன. செட்டியார் 1925-ல் காலமானார். ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஒரு புதிய பேட்டைக்குத் தியாகராய நகர் என்று பெயர் சூட்டினார்கள், அவர் வாழ்ந்த வடக்கே அல்ல, பட்டணத்தின் மறு கோடியில். அந்தப் பெயரும் 'டி. நகர்' ஆகிவிட்டது. தீபாவளிக்குப் பட்டுப் புடவை வாங்க அங்கே நெரிசலில் மூச்சுத் திணறும் லட்சக்கணக்கானவர்கள், ஒரு மனிதரை ஓர் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் வைத்தால் ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் டி. நகரை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டையார்பேட்டையிலேயே இன்னொன்றையும் பார்க்கலாம். தொற்றுநோய் மருத்துவமனை. காலராவும் அம்மையும் பட்டணத்தை அரித்துத் தின்ற நாட்களில், மற்றவர்கள் ஓடியபோது உள்ளே இருந்தவர்கள் அங்கே வேலை செய்த நர்சுகளும் தோட்டிகளும். அவர்களுடைய வெற்றி எது? 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதுதான். ஒன்றும் நடக்காததை வைத்து யாரால் கதை சொல்ல முடியும்? ஞாபகத்துக்கு ஒரு தீப்பந்தம் தேவைப்படுகிறது; எண்ணெய்த் தொட்டி எரிய வேண்டும்.

என் தொழிலுக்கு வருகிறேன். கதைக்காரர்களாகிய எங்கள்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: சரித்திரத்தைக் கெடுக்கிறீர்கள் என்று. வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். குந்தவைப் பிராட்டியாரின் கணவர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சான்று இருக்கிறது. அதற்குமேல் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அற்பம். 1950-லிருந்து 1954 வரையில் வாரம் தவறாமல் கல்கி அந்தப் பெயருக்குக் குதிரையும் குறும்பும் கொடுத்தார். வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு முடிவுரையில் பதில் சொல்லும்படியும் ஆயிற்று. இதனால் வந்தியத்தேவருக்கு நஷ்டம் என்ன? அவர் வாயே திறவாத இடத்தில் கல்கி பேச வைத்தார். எந்தப் பேச்சையும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

பேசியிருக்கிறவர்களிடம் கை வைப்பது வேறு விஷயம். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்க்காத தமிழர் உண்டா? கட்டபொம்மன் ஜாக்சன் துரையைப் பார்த்தது 1798 செப்டம்பரில், இராமநாதபுரத்தில். அங்கே கணக்கும் கிஸ்தியும் பேசினார்கள். மனக்கசப்பும் கலவரமுமாக முடிந்தது. படத்தில் அது ஒரு கர்ஜனை. சிவாஜி கணேசனுக்கு நிகர் யாருமில்லை என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் காகித மீசை ஒட்டிக்கொண்டு வசனம் பேசுகிற பையனுக்கு, 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்குமரத்தடியில் நின்ற மனிதன் தெரியாது; நடிகரைத்தான் தெரியும்.

அதே பந்துலு, அதே சிவாஜி கணேசனை வைத்து 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். வெளிவந்தபோது அது ஓடவில்லை. ஏன் என்று சினிமாக்காரர்கள் ஆயிரம் காரணம் சொல்லுவார்கள். வ.உ.சி.யின் வாழ்க்கை நமக்குச் சௌகரியமாக இல்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கட்டபொம்மன் நல்ல இடத்தில் முடிந்துவிட்டார். தூக்குக் கயிற்றோடு திரை விழுந்துவிடும். வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். பிறகு 24 வருஷம் உயிரோடு இருந்தார்! சென்னையில் குடியிருந்தார், பெரம்பூரில் மளிகையும் நெய்யும் விற்றுப் பார்த்தார், கடன் பட்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று சேர்த்துக் காந்தியிடம் கொடுத்திருந்த பணத்தைக் கேட்டு 1915-லும் 1916-லும் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். தொகை 347 ரூபாய் 12 அணா. கப்பல் கம்பெனி நடத்தியவர், அந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன் என்று கூச்சமில்லாமல் எழுதினார். இதைப் படித்தபோது எனக்குக் கப்பலைவிட அந்தக் கடிதங்களே பெரிதாகத் தெரிந்தன. கப்பல் விடுவதற்குத் துணிச்சல் வேண்டும். ஒரு காலத்தில் கப்பல் விட்டவன் என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகு, மளிகைக் கடையில் உட்கார்ந்து தராசைப் பிடிப்பதற்கு என்ன வேண்டும்? அதற்கு ஒரு சொல்லை நம் பாஷை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு மட்டும் கண்டுபிடித்துவிட்டது.

செண்பகராமனைப் பற்றி முன்பு ஒரு தடவை இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகர், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர், வருத்தத்தோடு கடிதம் போட்டார். எம்டன் கதையைத் தம்முடைய தகப்பனார் தமக்குச் சொன்னதாகவும், தாம் மகனுக்குச் சொன்னதாகவும், இப்போது பேரனுக்குச் சொல்ல வேண்டிய முறை வந்திருப்பதாகவும், "இந்தச் சமயத்தில் வந்து கப்பலிலிருந்து அவரை இறக்கிவிடுகிறீர்களே, பேரனுக்கு நான் எதைச் சொல்லுவேன்?" என்றும் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கப்பல் கதையையும் சொல்லுங்கள், உங்கள் தகப்பனார் அதை எந்தக் காலத்தில், எந்தக் குரலில் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினேன். அப்புறம், 23 வயதுப் பையன் ஒருவன் சூரிச்சில் குளிரில் உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்காத ஒரு தேசத்துக்காகக் கடிதம் எழுதினான் என்பதையும் சொல்லி, தேசப்படத்தில் அந்த ஊரைக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் கடல் எங்கே என்று பேரன் தேடுவான். தேடட்டும்.